சில நூறு சீட்டுகளைப் பார்த்து ஒரு மாநிலத்தின் முடிவை நம்பலாமா?

அமெரிக்காவில் தேர்தலுக்குப் பிறகு மாநில அளவில் வாக்குத் தணிக்கை எப்படி நடக்கிறது, இருபத்தைந்து லட்சம் வாக்குகள் பதிவான இடத்தில் சில நூறு சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு ‘முடிவு சரிதான்’ என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறார்கள், நம்மூரில் விவிபேட் சீட்டு, அதாவது வாக்களித்ததும் எந்திரம் அச்சிடும் காகிதச் சீட்டு, எண்ணுவதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். எந்திரம் சொன்ன முடிவை, எந்திரத்தையே நம்பாமல் சரிபார்க்க முடியுமா? முடியும், சில நிபந்தனைகள் உண்டு. நான் புள்ளியியல் படித்து அதிலேயே வேலை பார்ப்பவன். கொலராடோவில் வசிக்கிறேன், இங்கே ஒரு கவுண்டியின் தணிக்கை மேசையில் இரண்டு தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். கொலராடோ பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது. மற்ற மாநிலங்களைப் பற்றிச் சொல்வது அவற்றின் சட்டங்களையும் அறிக்கைகளையும் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்தியத் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. தேர்தலை நடத்துவது மாநிலங்கள். வாக்கை எண்ணுவது பெரும்பாலும் கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற அலகு. அதனால் தணிக்கையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் 1960களிலிருந்தே ஒரு விதி இருக்கிறது. குலுக்கலில் ஒரு சதவீத வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சீட்டுகளைக் கையால் எண்ணி எந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். பென்சில்வேனியா சட்டத்தில், கவுண்டியில் பதிவான வாக்கில் 2 சதவீதம் அல்லது 2,000 சீட்டு, இரண்டில் எது குறைவோ அது. சில மாநிலங்களில் தேர்தல் முடிவு அறிவிக்கப்பட்ட பிறகுதான் தணிக்கை நடக்கிறது, தவறு தெரிந்தாலும் முடிவை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை. சட்டப்படி தணிக்கையே கட்டாயம் இல்லாத மாநிலங்களும் உண்டு. ஆகவே ‘அமெரிக்காவில் தணிக்கை செய்கிறார்கள்’ என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், எந்த மாநிலம், எந்த முறை என்று கேளுங்கள்.

நீங்கள் கேட்ட ‘சில நூறு சீட்டு’ விஷயம் இந்த ஒரு சதவீதம், இரண்டு சதவீத முறைகளிலிருந்து வந்ததல்ல. அது ‘ரிஸ்க் லிமிட்டிங் ஆடிட்’ என்ற புது முறை. அபாய வரம்புத் தணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் பிலிப் ஸ்டார்க் 2008 வாக்கில் இதற்கு உருவம் கொடுத்தார். கொலராடோ 2009இலேயே சட்டம் போட்டது. ஆனால் அதற்கு ஏற்ற எந்திரங்களும் மென்பொருளும் சேர எட்டு வருடம் பிடித்தது. 2017 நவம்பரில்தான் மாநிலம் முழுவதும் நடந்தது, நாட்டிலேயே அதுதான் முதல் முறை. பிறகு ரோட் ஐலண்ட், ஜார்ஜியா என்று பரவியது.

நடைமுறை இப்படி. கொலராடோவில் பதிவு செய்த வாக்காளர் ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். நிரப்பித் திருப்பி அனுப்பியதும் கவுண்டி அலுவலகத்தில் உறையில் இருக்கும் கையெழுத்தைச் சரிபார்த்து, சீட்டைப் பிரித்தெடுத்து, கட்டுக் கட்டாக ஸ்கேனரில் விடுவார்கள். ஸ்கேன் ஆன கட்டு அதே வரிசை கலையாமல் பெட்டிக்குள் போகும். பெட்டிக்கு எண், சீலுக்கு எண், இரண்டையும் பதிவேட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்கள். எந்திரம் ஒவ்வொரு சீட்டையும் எப்படிப் படித்தது என்று ஒரு வரி பதிவு உருவாகும். ‘இத்தனாவது எந்திரம், இத்தனாவது கட்டு, அதில் இத்தனாவது சீட்டு, ஆளுநர் பதவிக்கு இன்னாருக்கு வாக்கு’ என்கிற மாதிரி. யாருடைய சீட்டு என்பது அதில் இருக்காது.

தேர்தல் முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தணிக்கை. கவுண்டிகள் தங்கள் பெட்டிப் பட்டியலையும், எந்திரம் படித்த பதிவையும் மாநிலத்திடம் ஒப்படைத்துப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பகடை. டென்வரில் பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகம் கொண்ட பகடைகளை உருட்டி, வந்த எண்களை வரிசையாக எழுதி, 20 இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறார்கள். அந்த எண்ணை ஒரு சூத்திரத்துக்குள் போட்டால், எந்தப் பெட்டியில் எந்தக் கட்டில் எத்தனாவது சீட்டை எடுக்க வேண்டும் என்ற பட்டியல் வரும். சூத்திரம் ரகசியம் இல்லை. 20 இலக்க எண்ணும் ரகசியம் இல்லை. பெட்டிப் பட்டியல் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போட்டு அதே சீட்டுகள்தான் வருகின்றனவா என்று பார்க்கலாம்.

இந்த முன்பின் வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பதிவைப் பூட்டு, பிறகு பகடையை உருட்டு. மாறிப்போனால், எந்தச் சீட்டு வரப்போகிறது என்று தெரிந்தவன் அந்தச் சீட்டை மட்டும் சரியாக வைத்துவிட்டு மற்றதில் கை வைக்கலாம். தணிக்கை பற்றி எந்த ஊர்ச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தத் தேதிகளைத்தான்.

அப்புறம் மேசை வேலை. என்னோடு உட்கார்ந்தவர் எதிர்க் கட்சியின் பெயரில் பதிவு செய்த ஒரு ஓய்வுபெற்ற அம்மா. இரண்டு கட்சியிலிருந்தும் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. ஊழியர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும், சீல் எண்ணை நான் படிக்க, அவர் பதிவேட்டில் விரலை வைத்துப் பொருத்திப் பார்ப்பார். சீலை வெட்டி, கட்டை எடுத்து, பட்டியல் ‘43ஆவது சீட்டு’ என்றால் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று இருவரும் சத்தமாக எண்ணுவோம். முன்பு ஒரு தரம் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக எண்ணப்பட்டுவிட்டது. எடுத்தது 44ஆவது சீட்டு, எந்திரப் பதிவோடு பொருந்தவில்லை. மறுபடி எண்ணியபோதுதான் தெரிந்தது. சீட்டில் என்ன இருக்கிறது என்று நாங்கள் படித்துத் திரையில் பதிய வேண்டும். எந்திரம் என்ன படித்தது என்பது எங்களுக்குக் காட்டப்படாது. காட்டினால் கண் அதையே பார்க்கும்.

பெரும்பாலான சீட்டுகளில் வேலையே இல்லை, வட்டம் கறுப்பாக நிரம்பியிருக்கும். தகராறு வருவது, ஒருவர் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டு, அதன்மேல் பெருக்கல் குறி போட்டு, அடுத்த பெயருக்கு அருகே ‘இவர்தான்’ என்று எழுதிவைத்திருக்கும் சீட்டில். அதற்கென்று படங்களோடு ஒரு கையேடு இருக்கிறது, அதைப் புரட்டித் தீர்மானிப்போம். இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால் ‘ஒருமித்த கருத்து இல்லை’ என்றே பதிவு செய்யலாம், அப்போது கணக்கு அதை மிக மோசமான பிழையாகவே எடுத்துக்கொள்ளும். அந்த அம்மாவும் நானும் அரசியலில் எதிலும் ஒத்துப்போக மாட்டோம். அந்த மேசையில் ஒரு சீட்டில்கூட முரண்பட்டதில்லை.

சரி, உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். எப்படிச் சில நூறு போதும்? ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் இடையே 10 சதவீத வித்தியாசம் என்று எந்திரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டைத் தப்பாகப் படித்தால் வித்தியாசம் அதிகபட்சம் இரண்டு வாக்கு மாறும், ஒருவருக்கு ஒன்று கூடி, இன்னொருவருக்கு ஒன்று குறையும். அப்படியானால் உண்மையில் தோற்றவரை எந்திரம் ஜெயிக்கவைத்திருக்க வேண்டுமென்றால், குறைந்தது 5 சதவீதச் சீட்டுகளையாவது தப்பாகப் படித்திருக்க வேண்டும். இருபதில் ஒன்று. அந்தக் குவியலிலிருந்து குருட்டாம்போக்கில் 60 சீட்டு எடுத்து, அறுபதிலும் எந்திரம் படித்தது சரியாகவே இருந்தால்? ஒரு சீட்டு சரியாக இருக்க 0.95 வாய்ப்பு, அதையே அறுபது முறை பெருக்கினால் 0.046. அதாவது முடிவு தப்பாக இருந்தும் அறுபதும் சரியாக வந்து நம்மை ஏமாற்ற 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. வித்தியாசம் 1 சதவீதம்தான் என்றால் 60 போதாது, ஏறக்குறைய 600 வேண்டும். இந்தக் கணக்கில் மொத்தச் சீட்டு இருபத்தைந்து லட்சமா, இரண்டு லட்சமா என்பது வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னதும் இதையேதான், பானை எவ்வளவு பெரிது என்று அவர்கள் கேட்டதில்லை. ஆனால் நன்றாகக் கிளறியிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கே கிளறுவது அந்தப் பகடை.

நடைமுறையில் ஒன்றிரண்டு பிழைகள் வரும், அதற்கு ஏற்பச் சூத்திரம் இன்னும் சில சீட்டுகளைக் கேட்கும். தொடர்ந்து பிழை வந்தால் மாதிரியாக எடுக்கும் சீட்டுகள் பெருகிப் பெருகி, கடைசியில் எல்லாச் சீட்டையும் கையால் எண்ணுவதில் போய் முடியும். அப்படி எண்ணிய முடிவுதான் நிற்கும். இதனால்தான் இதை வெறும் பரிசோதனை என்று சொல்லாமல் திருத்தும் முறை என்கிறேன். ‘அபாய வரம்பு’ என்ற சொல்லைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கொலராடோ 2017இல் வரம்பை 9 சதவீதம் என்று வைத்தபோது, ‘முடிவு தப்பாக இருக்க 9 சதவீத வாய்ப்பு’ என்று சிலர் எழுதினார்கள். அப்படியில்லை. ஒருவேளை முடிவு தப்பாக இருந்தால், அதைக் கண்டுபிடித்துத் திருத்தாமல் தணிக்கை கோட்டைவிட அதிகபட்ச வாய்ப்பு 9 சதவீதம் என்பதே பொருள். முடிவு சரியாகவே இருந்தால் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

சீட்டுக்குச் சீட்டு எந்திரப் பதிவு இல்லாத இடங்களில் இவ்வளவு மலிவாக முடியாது. அங்கே ஒப்பிட ஒன்றும் இல்லாததால், எடுத்த சீட்டுகளில் யாருக்கு எத்தனை என்று மட்டும்தான் பார்க்க முடியும். அதே 10 சதவீத வித்தியாசத்துக்கு அப்போது 600 சீட்டு, 1 சதவீதத்துக்கு ஏறக்குறைய 60,000. வித்தியாசம் குறையக் குறைய வேலை மலைபோல் ஏறும்.

ஜார்ஜியாவில் 2020இல் நடந்தது இதுதான். ஐம்பது லட்சம் வாக்கு பதிவான அதிபர் தேர்தலில் பைடனுக்கும் டிரம்புக்கும் இடையே முதலில் தெரிந்த வித்தியாசம் சுமார் 14,000. மாதிரி எடுத்தாலே பல லட்சம் சீட்டைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் எண்ணிவிடுவதே சுலபம் என்று தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் பிராட் ராஃபன்ஸ்பெர்கர் தீர்மானித்தார். 159 கவுண்டிகளிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, பெயருக்கு ஒரு அடுக்காகப் பிரித்து, ஒரு வாரத்துக்குள் எண்ணி முடித்தார்கள். ஃபிளாய்ட் கவுண்டியில் சுமார் 2,600 வாக்குகள் கணக்கில் ஏறாமலேயே இருந்தது அப்போது வெளியே வந்தது. ஃபயெட் கவுண்டியில் ஒரு மெமரி கார்டிலிருந்த 2,755 வாக்குகள் சேர்க்கப்படாமல் விட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்த பிறகு வித்தியாசம் குறைந்தது, ஜெயித்தவர் மாறவில்லை. கையால் எண்ணியதில் வந்த வித்தியாசம் 12,284, சான்றளிக்கப்பட்டது 12,670, தோற்ற தரப்பு கேட்டு நடந்த எந்திர மறு எண்ணிக்கையில் 11,779. மூன்று எண்ணும் மூன்றாக இருப்பதைக் காட்டி ‘பார்த்தீர்களா, குளறுபடி’ என்று சொன்னவர்கள் உண்டு. ஐம்பது லட்சம் காகிதத்தை மனிதக் கை எண்ணினால் சில நூறு அங்கே இங்கே போகத்தான் செய்யும். தணிக்கை கேட்கும் கேள்வி கடைசி இலக்கம் சரியா என்பதல்ல, ஜெயித்தவர் ஜெயித்தவர்தானா என்பது. அந்த விடுபட்ட கட்டுகள் கண்ணில் பட்டதுதான் அந்த ஒரு வார உழைப்பின் பலன் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக 2021இல் அரிசோனாவில் மாரிகோபா கவுண்டியின் 21 லட்சம் சீட்டுகளை மாநில செனட் ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தது. அதையும் தணிக்கை என்றே அழைத்தார்கள். முடிவு எப்போதோ சான்றளிக்கப்பட்டுவிட்டது. விதிகள் முன்கூட்டியே எழுதப்படவில்லை, நடுவில் மாறின. கடைசியில் அவர்கள் கொடுத்த கணக்கில் பைடனுக்கு 99 வாக்கு கூடியது, டிரம்புக்கு 261 குறைந்தது. அந்த எண்கள் யாருக்குச் சாதகமாக வந்தன என்பதற்காக நான் அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். முறை சரியில்லாத இடத்திலிருந்து வரும் நல்ல செய்தியும் சான்றாகாது.

இனி, எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று பிரிக்கிறேன். காகிதச் சீட்டுகள் சீல் கலையாமல் முழுமையாக இருந்து, பகடைக்கு முன் பதிவு பூட்டப்பட்டு, மாதிரி வித்தியாசத்துக்கு ஏற்ற அளவில் எடுக்கப்பட்டால், ஸ்கேனரோ மென்பொருளோ கூட்டல் கணக்கோ முடிவைப் புரட்டவில்லை என்பதைத் தணிக்கை உறுதியாகச் சொல்லும். எந்திரம் பழுதா, யாராவது உள்ளே புகுந்தார்களா என்று காரணத்தை ஆராயாமலேயே சொல்லும். ஆனால் வாக்களித்தவர் தகுதியானவரா, தபால் சீட்டு ஒன்று கையெழுத்துப் பொருந்தவில்லை என்று அநியாயமாகத் தள்ளப்பட்டதா என்பதெல்லாம் இதற்குள் வராது. அவற்றுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பும் வழக்கும்தான் வழி. பெட்டியையே மாற்றிவைத்தால் தணிக்கை மாற்றிய பெட்டியைத்தான் சரிபார்க்கும். ஆகவே சீல் எண்ணும் பதிவேடும்தான் அஸ்திவாரம், சூத்திரம் அதன்மேல் எழும் சுவர். இன்னொன்று, சீட்டில் இருக்கும் எல்லாப் பதவிகளுக்கும் இந்த வரம்பு பொருந்தாது. தணிக்கைக்கென்று தேர்ந்தெடுத்த ஓரிரு போட்டிகளுக்குத்தான்.

நிபுணர்களுக்குள்ளேயே சண்டை இருக்கும் இடம் வேறு. ஜார்ஜியா போன்ற இடங்களில் 2024 தேர்தலில் வாக்காளர் தொடுதிரையில் தேர்ந்தெடுக்க, எந்திரமே சீட்டை அச்சடித்துக் கொடுத்தது. அதில் எழுத்தும் இருந்தது, க்யூஆர் கோடும் இருந்தது. ஸ்கேனர் படித்தது க்யூஆர் கோடை, தணிக்கையில் மனிதர் படித்தது எழுத்தை. எழுத்தே தப்பாக அச்சானால்? வாக்காளர் படித்துப் பார்த்து எழுந்து கேட்டால்தான் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், மாதிரித் தேர்தல் ஒன்று நடத்தி ஒவ்வொருவர் சீட்டிலும் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்தார்கள். சீட்டைப் பார்த்தவர்களே சுமார் 40 சதவீதம். பிழையைச் சாவடி ஊழியரிடம் சொன்னவர்கள் 6.6 சதவீதம். சாவடியில் நினைவூட்டினால் இது கூடும் என்றும் அதே ஆய்வு காட்டியது. உண்மைத் தேர்தலில் எவ்வளவு கூடும் என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. பேனாவால் வாக்காளரே நிரப்பிய சீட்டைத்தான் நான் நம்புவேன். லூசியானா போல 2024 தேர்தல் வரை காகிதமே இல்லாத எந்திரங்களை வைத்திருந்த இடங்களில் தணிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடைசியாக நம்மூர். விவிபேட் சரிபார்ப்பு தணிக்கைதான், மறு எண்ணிக்கை அல்ல. 2016இல் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம் வந்து, நீதிமன்றம் போய் மறுபடி எண்ணச் சொன்னது மறு எண்ணிக்கை. அது யாராவது கேட்டால்தான் நடக்கும். தணிக்கை யாரும் கேட்காமலே நடக்க வேண்டும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் ஐந்து சாவடிகள். கடைசிச் சுற்று முடிந்ததும் தேர்தல் அதிகாரி அஞ்சலட்டை அளவு வெள்ளை அட்டைகளில் சாவடி எண்களை நான்காக மடித்துப் போட்டுக் குலுக்கி எடுப்பார். வங்கிக் காசாளர் கூண்டு போலக் கம்பிவலை போட்ட அறையில் சீட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, வேட்பாளர்வாரியாகப் பிரித்து, 25 சீட்டு ஒரு கட்டாகக் கட்டுவார்கள். எந்திரக் கணக்கோடு பொருந்தாவிட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்று விதி இருக்கிறது, அது நல்ல விதி. தமிழ்நாட்டின் 234 தொகுதியிலும் சேர்த்தால் 1,170 எந்திரம். மாநிலம் முழுக்கப் பரவலாக ஒரே மாதிரிக் கோளாறு இருந்தால் இந்த அளவு மாதிரியில் தப்ப முடியாது.

தொகுதி அளவில்தான் எனக்கு மனக்குறை. வித்தியாசம் ஐம்பதாயிரம் என்றாலும் ஐந்து, ஐம்பது என்றாலும் ஐந்து. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 வாக்கு. அங்கே தவறு நடந்தது என்று நான் சொல்லவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். அவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரே ஒரு எந்திரத்தில் 69 வாக்கு இடம் மாறினால் முடிவு புரண்டுவிடும். தொகுதியில் 300 சாவடி என்று வைத்துக்கொண்டால், ஐந்து சாவடிக் குலுக்கலில் அந்த ஒரு எந்திரம் அகப்பட அறுபதில் ஒரு வாய்ப்புதான். 2024 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், எல்லா விவிபேட் சீட்டையும் எண்ணும் கோரிக்கையை மறுத்துவிட்டு, இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர் கேட்டால் 5 சதவீத எந்திரங்களின் நினைவகத்தைப் பரிசோதிக்கலாம் என்றது. அது கருவியைப் பார்ப்பது. சீட்டை எண்ணும் வேலையை அது கூட்டவில்லை. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்று நானும் கேட்க மாட்டேன், பெரும்பாலான தொகுதிகளில் அது வீண் உழைப்பு. வித்தியாசம் ஆயிரத்துக்குள் நிற்கும் சில தொகுதிகளில் மட்டும் ஐந்தை ஐம்பதாகவோ, தேவைப்பட்டால் முழுவதுமாகவோ ஆக்கலாம். கூண்டும் ஆட்களும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.